பழைய பொறி, புதிய வாடகை: ஐபிஎம் 1401 தொடங்கி ரிச்சி தெரு வரை

சென்ற கல்வியாண்டு முடியும் தறுவாயில் எங்கள் தமிழ்த்துறைக்குக் கணினிகள் வாங்குவதற்கென 1,40,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. நாங்கள் கேட்டது இதைப்போல் மூன்று பங்கு. கிடைத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டோம். இத்தொகைக்குப் புதுக் கணினி என்றால் மூன்று வரும். பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிக் கழித்த கணினிகளைத் துடைத்து, பழுது நீக்கி, உத்தரவாதச் சீட்டோடு விற்கிறார்களே, சந்தையில் ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில், அவற்றை வாங்கினால் எட்டு வரும். முதுகலை வகுப்பு இரண்டிலும் சேர்த்து மாணவர் முப்பத்தாறு பேர். கூட்டல் கழித்தல் அறிந்த எவரும் எட்டைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று தோன்றும். ஆயினும் கொள்முதல் குழுவின் கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது.

அலுவலகக் கண்காணிப்பாளர் மூன்று விலைப்புள்ளிகளையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, “பழைய சாமானுக்கு பில் போட்டா ஆடிட்டில் நிற்காது சார்” என்றார். கணிதத்துறைத் தலைவரோ, பழையதை வாங்குவதென்பது பிறர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது என்றார். விந்தை என்னவெனில், அக்குழுவில் பழையதை எல்லோரினும் கடுமையாக எதிர்த்திருக்க வேண்டியவர் நாம்தாம்.

2011இல் நம்மிடம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் படித்த மாணவி ஒருவர், தம் தாய்வழி ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்தார். ஏறத்தாழ நாற்பது மணி நேர ஒலிப்பதிவு. அதில் பாதிக்கு மேல் ஒரே பாட்டியின் குரல். ஒலிப்பதிவுக் கருவியின் நினைவட்டை சிறியது. ஒவ்வொரு முறையும் பதிந்ததைக் கணினிக்கு மாற்றிவிட்டு அட்டையை அழித்துக்கொண்டு மீண்டும் ஊருக்குப் போவார். அதற்கென்றே ஒரு வன்தட்டு வாங்கினோம். உறை பிரிக்காதது, ‘புதியது’ என்றே பற்றுச்சீட்டு. ஏழாம் வாரத்தில் அது டிக் டிக் என்று ஓசையிடத் தொடங்கிப் பின்பு ஓய்ந்தது. பழுது பார்ப்பவர் அதைத் தம் கணினியில் இணைத்து, தட்டுக்குள் பதிவாகியிருந்த இயங்குநேரத்தைத் திரையில் காட்டினார். 19,000 மணிக்கு மேல். இரவு பகலாக ஓடினாலும் இரண்டாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. உறை புதிது, உள்ளிருந்தது பழையது. கடைக்காரர் முகங்கோணாமல் வேறு தட்டு தந்தார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. பாட்டி அதற்கு இருபது நாள் முன்னரே இறந்துபோயிருந்தார். அவருக்கு ஒப்பாரி பாடியவர்களுள் நம் மாணவியும் ஒருவர் என்று பின்னர் அறிந்தோம். ஆய்வேடு எஞ்சியிருந்த கையெழுத்துக் குறிப்புகளைக் கொண்டு முடிந்தது. பட்டமும் கிடைத்தது.

இவ்வளவும் நேர்ந்த பின் நாம் ஏன் எட்டின் பக்கம் பேசினோம்? கூட்டத்தில் விரிவாகச் சொல்ல இயலவில்லை. சொன்னதும் சற்றுத் தவறான முறையில். “பழைய மெஷினில் எந்த நல்ல காரியம் நடந்தது சொல்லுங்கள்” என்று கண்காணிப்பாளர் கேட்டபோது, தமிழாசிரியர்களுக்கே உரிய துடுக்கோடு, “சென்னையின் அச்சுத்தொழில்” என்றோம்.

அது உண்மையே. 1761 சனவரியில் ஆங்கிலேயப் படை அயர் கூட்டின் தலைமையில் புதுச்சேரியைப் பிடித்தது. பிரெஞ்சு ஆளுநர் இருப்பிடத்துக் கொள்ளைப் பொருள்களுள் ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. சென்னைக்குக் கொண்டுவந்த பின்னர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வேப்பேரியில் இருந்த பப்ரீசியஸ் பாதிரியார் அதைக் கேட்டார். அரசின் அச்சு வேலைகளை முதலில் முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் மிஷனுக்கென்று இங்கிலாந்திலிருந்து வேறு பொறி வந்தது. 1779இல் பப்ரீசியஸின் தமிழ் அகராதி வேப்பேரியில் அச்சானது. அடிப்படையில் சென்னை நகரின் முதல் அச்சுப்பொறி, வேறொருவர் ஓட்டிப் பழகி, போரில் கைமாறி வந்த பழம்பொருள். ஆனால் இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். நிபந்தனை வாய்விட்டுச் சொல்லப்பட்டது. நாம் கூட்டத்தில் சொல்ல மறந்த பகுதி இதுதான். சொல்லியிருந்தால், இதற்கு நேர்மாறான மற்றொரு வரலாற்றையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். எங்கள் குழு கேட்ட அதே கேள்வியை இந்திய அரசு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுத் திணறிய வரலாறு அது.

ஐபிஎம் நிறுவனம் 1951இல் இந்தியாவில் தன் கிளையைத் தொடங்கியது. அப்போது அது விற்ற பொருள் கணினி அன்று. துளையிட்ட அட்டைகளைப் பிரித்தும் அடுக்கியும் எண்ணியும் கணக்கிடும் பொறிகள். ‘விற்ற’ என்று எழுதினோம், திருத்திக்கொள்கிறோம். ஐபிஎம் பெரும்பாலும் எதையும் விற்பதில்லை. வாடகைக்கு விடும். மாத வாடகைக்குள் பழுது பார்க்கும் பணியும் அடக்கம். வாடிக்கையாளர் பொறியின் மூடியைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. திறக்கும் அறிவும் அவருக்கு வளராது. பம்பாயில் அமைந்த ஆலையில் அட்டைத் துளைப்பான் முதலியவற்றை அது செய்யவும் தொடங்கியது.

1959 அக்டோபரில் ஐபிஎம் அமெரிக்காவில் 1401 என்ற கணினியை அறிவித்தது. வெற்றிடக் குழாய்களுக்கு மாற்றாக டிரான்சிஸ்டர் கொண்டது. குறைந்த அளவு 1,400 எழுத்துகள், மிகுந்த அளவு 16,000 எழுத்துகள் கொள்ளும் நினைவகம். நம் சட்டைப்பையில் இருக்கும் பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்தை அந்நினைவகங்கள் நூறு சேர்ந்தாலும் தாங்கா. ஆனால் அதனோடு வந்த அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரிகள் அடித்தது. நிமிடத்துக்கு 800 அட்டைகளைப் படித்தது. சம்பளப் பட்டியலும் காப்பீட்டுத் தவணைக் கணக்கும் போடும் அலுவலகங்களுக்கு இதுவே வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மாதம் 2,500 டாலர் முதல் வாடகை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட 1401கள் உலகெங்கும் நிறுவப்பட்டன. 1961இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஒன்று வந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் ரயில்வே மண்டலங்கள் சம்பளத்துக்கும் சரக்குக் கணக்குக்கும் இப்பொறியையே அமர்த்தின.

1964 ஏப்ரலில் ஐபிஎம் தன் அடுத்த தலைமுறையான சிஸ்டம்/360ஐ அறிவித்தது. அமெரிக்க நிறுவனங்கள் புதியதற்கு மாறத் தொடங்கின. வாடகைக்குப் போயிருந்த 1401கள் ஒவ்வொன்றாகத் தாய்வீடு திரும்பின. திரும்பி வந்த பொறிக்கு அங்கே மதிப்பில்லை. கணக்கேட்டில் அதன் விலை தேய்மானத்தில் கரைந்து போயிருந்தது. இதே ஆண்டுகளில்தான் இந்தியாவில் 1401 பரவியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எஞ்சியதை வாசகரே ஊகித்துவிடுவார். கழிக்கப்பட்ட பொறிகள், ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிலையில், இந்தியாவுக்கு வந்தன. பம்பாய் ஆலையில் அவற்றைப் பிரித்துத் தேய்ந்த உறுப்புகளை மாற்றிச் செப்பனிட்டார்கள். அதன் பின் இந்திய அரசுத் துறைகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். வாடகையில் மட்டும் பழமையின் தேய்மானம் தெரியவில்லை.

நம்மூரில் இதற்கு நல்ல உவமை உண்டு. குடியிருந்தவர் காலி செய்த வீட்டுக்கு ஒரு கோட்டு வெள்ளை அடித்து, புது வீட்டு வாடகை சொல்லும் வீட்டுக்காரர். வெள்ளை அடிப்பது குற்றமா? இல்லை. வீடு ஒழுகாமலும் இருக்கலாம். ஐபிஎம்மின் 1401 உண்மையிலேயே ஒழுகவில்லை. உறுதியான பொறி. அதன் மின்சுற்றுகள் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழுதான அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. செப்பனிடுவதற்கென்றே படைத்ததுபோன்ற அமைப்பு. எங்கோ நான்காண்டு ஓடிவிட்டு வந்த 1401, பம்பாயில் சம்பளப் பட்டியலைத் தவறாகப் போடவில்லை. பழைய பொருள் என்பதாலேயே அது மோசம் என்று அன்று வாதிட்டவர்கள், நம் கருத்தில், வழக்கின் வலுவற்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள்.

வலுவான பக்கம் வேறு. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 1963இல், ஹோமி பாபா தலைமையில் மின்னணுக் குழு ஒன்றை அரசு அமைத்தது. 1966 சனவரியில் பாபா விமான விபத்தில் இறந்தார். அவ்வாண்டே குழுவின் அறிக்கை வெளிவந்தது. பத்தாண்டுகளில் கணினித் துறையில் தற்சார்பு என்பது அதன் இலக்கு. அப்போது நாட்டில் இயங்கிய கணினிகளைப் பார்த்தால் அவ்விலக்கின் தொலைவு விளங்கும். 1960 முதல் 1972 வரை இந்தியாவில் நிறுவப்பட்டவற்றுள் பத்தில் ஏழுக்கு மேல் ஐபிஎம் உடையவை. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் நம்மவர்கள் கட்டிய டிஃப்ராக் கணினி 1960இல் இயங்கத் தொடங்கியது. சொந்தமாகக் கட்டத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்களது கல்வி ஆய்வுக்கூடத்தோடு நின்றது. அலுவலகங்களில் இருந்ததோ வேறொருவருடைய பொறி.

அறுபதுகளின் பிற்பகுதியில், இந்தியக் கிளையின் பங்குகளில் இந்தியருக்கும் இடம் கொடுக்குமாறு அரசு கேட்டது. ஐபிஎம் மறுத்தது. உலகெங்கும் முழு உடைமை என்பதே தன் கொள்கை, விட்டுக்கொடுத்தால் வெளியேறுவோம் என்றது. அரசு பின்வாங்கியது. பின்வாங்கியதற்குக் காரணம் இருந்தது. பத்தில் ஏழு பொறியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் என்றால், அந்நிறுவனம் கதவைச் சாத்திக்கொண்டு போகும் நாளில் எத்தனை அலுவலகங்களில் சம்பளப் பட்டியல் நின்றுபோகும்?

1970களில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இவ்விவகாரத்தைத் தோண்டியது. அரசுத் துறைகளில் கணினிமயம் பற்றி 1976இல் வந்த அதன் அறிக்கை, வெளிநாட்டில் கழிக்கப்பட்ட பொறிகளைக் கொண்டுவந்து செப்பனிட்டு உயர்ந்த வாடகைக்கு விட்ட முறையைக் கண்டித்தது. சொந்த அரசின் துறைகளையும் அது விட்டுவைக்கவில்லை என்பதே நமக்குச் சுவையான பகுதி. அத்துறைகள் விலைப்புள்ளியைப் பார்த்தன. பொறியின் வயதைக் கேட்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. அமெரிக்காவிலும் ஐபிஎம் இப்படித்தான் வாடகை முறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 1956இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, பொறிகளை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் வேண்டும், பிறர் பழுது பார்ப்பதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும் குறிப்புகளையும் தர வேண்டும் என்று கட்டாயமாயிற்று. பழைய ஐபிஎம் பொறிகளை வாங்கி விற்கும் வணிகம் அங்கே தழைத்ததற்கு இத்தீர்ப்பு ஒரு வேர். பம்பாய்க்கு வந்த பொறியும் சிகாகோவில் இருந்த பொறியும் ஒன்று. சிகாகோக்காரருக்கு உதிரிப் பாகம் கேட்கும் சட்ட உரிமை இருந்தது. பம்பாய்க்காரருக்கு மாத வாடகைச் சீட்டு இருந்தது.

அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973இல் நிறைவேறியது. பெரும்பாலான அந்நிய நிறுவனங்கள் தம் பங்கை நாற்பது விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்றது சட்டம். ஐபிஎம் ஏற்றுமதிப் பிரிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்துத் தரும் திட்டங்களை முன்வைத்தது. அவை ஏற்கப்படவில்லை. 1977இல் ஜனதா அரசு வந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சரானார். கோகோ கோலா வெளியேறிய கதையைப் பலரும் சொல்வார்கள். ஐபிஎம் 1978இல் வெளியேறியது. 1992இல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்துதான் திரும்பி வந்தது.

வெளியேறிய பின் என்ன ஆயிற்று என்பதுதான் எங்கள் கொள்முதல் குழுவுக்குப் பயன்படும் பகுதி. பழுது பார்ப்பதற்கென்றே அரசு 1975இல் கணினிப் பராமரிப்புக் கழகம் ஒன்றைப் பதிவு செய்திருந்தது. சிஎம்சி என்ற பெயரில் பின்னாளில் பலரும் அறிந்த நிறுவனம் அதுவே. ஐபிஎம் விட்டுச் சென்ற பொறிகள் அதன் கைக்கு வந்தன. ஐபிஎம்மில் பணியாற்றிய இந்தியப் பொறியாளர் சிலர் அதில் சேர்ந்தார்கள். சிலர் தனியே நிறுவனம் தொடங்கினார்கள். அரசு அஞ்சியபடி சம்பளப் பட்டியல்கள் நின்றுபோகவில்லை. அதே பழைய பொறிகள், அதே தேய்ந்த பாகங்கள். ஆனால் இப்போது மூடியைத் திறப்பவர் இங்கேயே இருந்தார். எதை எப்போது மாற்றினார் என்று கேட்டால் சொல்லும் கடப்பாடும் அவருக்கு இருந்தது. ஒரு பொறியோடு மட்டும் பழகியவர்கள் பல நிறுவனப் பொறிகளையும் பார்க்கக் கற்றார்கள். இந்திய மென்பொருள் துறையின் வரலாற்றை எழுதுவோர் நிரல் எழுதியவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். திருப்புளி பிடித்தவர்களைப் பற்றி ஒரு பத்தி கூட எழுதுவதில்லை என்பது நம் நெடுநாள் ஆதங்கம்.

இதனால் எல்லாம் நலமாயிற்று என்று எழுதினால் பொய்யாகும். ஐபிஎம் இல்லாத ஆண்டுகளில் ஹைதராபாத்தின் ஈசிஐஎல் போன்ற உள்நாட்டு நிறுவனங்களால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இறக்குமதிக் கெடுபிடியால் கணினி என்பது கல்லூரிகளுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கைதான் கதவைச் சற்றுத் தளர்த்தியது. பழையது வேண்டாம் என்று சொன்னவர்கள், புதியது எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் மறுமொழி வைத்திருக்கவில்லை. எங்கள் கணிதத்துறைத் தலைவரிடமும் அந்த மறுமொழி இல்லை. மூன்று கணினிக்கு முன்னால் முப்பத்தாறு மாணவர் எப்படி அமர்வார் என்று கேட்டதற்கு, “சுழற்சி முறையில்” என்றார்.

இப்போது ரிச்சி தெருவுக்கு வருவோம். சென்னை அண்ணாசாலையிலிருந்து திரும்பும் அக்குறுகலான தெருவும் அதன் கிளைச் சந்துகளும் முன்பு வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. பின்பு கணினிக்கு மாறின. அங்கே அடுக்கி வைத்திருக்கும் செப்பனிட்ட மேசைக்கணினிகள் பலவும் நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் திருப்பியவை. 1401 பம்பாய்க்கு வந்த அதே வழிதான், ஆலைக்கு மாற்றாக ஆறடிக்கு எட்டடிக் கடை. வெளிநாட்டிலிருந்து பயன்படுத்திய கணினிகளை அனுமதியின்றி இறக்குமதி செய்யக் கூடாது என்று இன்றும் விதி இருக்கிறது. செப்பனிடுவோரும் மின்னணுக் கழிவு விதிகளின்கீழ் வருகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 2022ஆம் ஆண்டு விதிகள் அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. தெருவில் எத்தனை கடையில் பதிவுச் சான்று தொங்குகிறது என்பது வேறு கதை.

அண்மையில் இவ்வணிகம் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. விண்டோஸ் 11ஓ, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஒரு பாகமும் பழுதாகாத கணினிகள் ஒரே நாளில் ‘பழையவை’ ஆயின. சிஸ்டம்/360 வந்த அன்று 1401க்கு நேர்ந்ததும் இதுவே. லினக்ஸ் நிறுவிக்கொண்டு தமிழ் தட்டச்சு செய்வதற்கு அவை இன்னும் பல்லாண்டு உதவும். ஆனால் கல்லூரி அலுவலகத்தின் மென்பொருள் விண்டோஸை விட்டு வராது. ஆகவே எட்டாம் தலைமுறைக்குக் குறைந்தது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பாகங்களுள் எல்லாம் ஒன்றுபோல் மூப்படைவதில்லை. செயலியும் நினைவகமும் அசையும் உறுப்பு இல்லாதவை; முறையாகக் குளிர்வித்திருந்தால் ஐந்தாண்டு ஓடியதற்கும் புதியதற்கும் வேறுபாடு காண்பது அரிது. நினைவகத்தை ஓர் இரவு முழுதும் சோதனை மென்பொருளில் ஓடவிட்டால் குறை வெளிப்பட்டுவிடும். மின்வழங்கி, கடைத்தெரு மொழியில் எஸ்எம்பிஎஸ், அப்படியன்று. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் திரவம் வெப்பத்தில் உலரும், தலை உப்பும். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகளால் உலகெங்கும் தாய்ப்பலகைகள் கூட்டங்கூட்டமாக மாண்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மின்வழங்கி சாகும்போது துணைக்குச் சிலவற்றை அழைத்துக்கொண்டும் போகும். சுழலும் வன்தட்டின் மூப்போ எல்லாவற்றினும் கொடிது. ஏனைய பாகம் செத்தால் பணம் போகும். தட்டு செத்தால் அதிலுள்ளது போகும்.

தட்டைப் பற்றி எழுதும்போது பேனா சற்று நடுங்குகிறது, பொறுத்தருள்க. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு செய்தி வெளியாயிற்று. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் வன்தட்டுகள் பல, உண்மையில் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை. சியா என்னும் மறைநாணயத்தை ஈட்டுவதற்காகப் பயன்பட்டவை அவற்றுள் பல என்று கருதப்படுகிறது. இடையில் யாரோ தட்டின் இயங்குநேரக் கணக்கைச் சுழியமாக்கியிருந்தார்கள். தட்டுக்குள் உற்பத்தியாளர் வைத்திருந்த மற்றொரு பதிவேடு அழியாமல் இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. இச்செய்தியைப் படித்த இரவு நாம் நெடுநேரம் விழித்திருந்தோம். 2011இல் நம்மை ஏமாற்றியவர் அந்தக் கணக்கை அழிக்கும் அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் எண்ணியது சரியாகவும் இருந்தது. வாங்கிய அன்று ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் நாமே அந்த எண்ணைப் பார்த்திருப்போம். பார்க்கத் தெரியாது, பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது. பொறியின் வயதைக் கேட்காத அரசுத் துறைகளைப் பற்றி மேலே எள்ளலாக எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தோம். இருக்கட்டும்.

கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு 1401கள் இன்றும் ஓடுகின்றன. ஒன்று ஜெர்மனியிலிருந்தும் மற்றொன்று கனெக்டிகட் மாநிலத்திலிருந்தும் வந்தவை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உயிர்ப்பித்தவை. அறுபதாண்டு கடந்த பொறி அட்டை படிக்கிறது, வரி அச்சிடுகிறது. இவற்றைப் பழையன என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். சொல்வதில் பெருமையும் படுகிறார்கள்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் நாம் எழுத்து வடிவில் நான்கு வரி வைத்தோம். பற்றுச்சீட்டில் ‘பயன்படுத்தியது, செப்பனிட்டது’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எந்தப் பாகம் பழையது, எது மாற்றப்பட்டது என்ற பட்டியல் ஒவ்வொரு கணினிக்கும் தனியே வேண்டும். சேமிப்பகமும் மின்வழங்கியும் புதியவையாக, தனிப் பற்றுச்சீட்டோடு இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற முத்திரை ஒட்டக் கூடாது. இவற்றை ஏற்றால் எட்டு ஏழாகக் குறையும். குறையட்டும் என்றார் முதல்வர். கண்காணிப்பாளர் மட்டும் கடைசி வரை கையொப்பத்தை இழுத்தடித்தார்.

விலைப்புள்ளி தந்த மூவரில் இருவர் முதல் நிபந்தனையிலேயே கழன்றுகொண்டார்கள். மூன்றாமவர் ரிச்சி தெருச் சந்தொன்றில் மாடியில் கடை வைத்திருக்கும் இளைஞர். நம் பழைய மாணவர்களின் வயது இருக்கும். நாம் நேரில் போயிருந்தோம். கணினி ஒவ்வொன்றின் பக்கமூடியையும் கழற்றி வைத்துவிட்டு, “போர்டு பழசு சார், பிராசசர் பழசு, ரேம் பழசு. எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ரெண்டும் புதுசு. இதெல்லாம் எழுதிக் கேட்ட முதல் காலேஜ் நீங்கதான்” என்றார். நாம் ஒவ்வொரு சேமிப்பகத்தின் இயங்குநேரத்தையும் திரையில் காட்டச் சொன்னோம். ஆறில் சுழியம். ஏழாவதில் 3 மணி. அவர் சிரித்துக்கொண்டே, “அது நான் நேத்து ராத்திரி விண்டோஸ் ஏத்தினது சார்” என்றார். அதையும் பட்டியலில் எழுதித் தரச் சொன்னோம். எழுதித் தந்தார்.

கணினிகள் ஏழும் துறையின் கிழக்கு அறையில் இருக்கின்றன. பட்டியல் கோப்பில் இருக்கிறது. தணிக்கையாளர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள்.